கொட்டகைத் தண்ணீர்

கரையான்சாவடி வண்டிப்பேட்டையைத் தாண்டி மேற்கே நடந்தால், மல்லித் தோட்டங்கள் முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலதுகைப் பாதை ஏரிக்கரைக்குப் போகிறது. இடதுகைப் பாதை கொஞ்ச தூரம் போய், நீளமான ஒரு பனையோலைக் கொட்டகையின் முன்னால் நின்றுவிடும். வாந்திபேதிக் கொட்டகை என்று அதற்குப் பெயர். வண்டிக்காரர்கள் அந்தப் பிரிவுக்கு வந்ததும் மாட்டின் கழுத்து மணியைக் கையால் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கடப்பார்கள். உச்சி வெயிலில் ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்த நிழலுக்கு ஒதுங்குவதில்லை. நோயாளி ஒருவர்கூட இல்லாத மாதங்களிலும் உள்ளேயிருந்து தண்ணீர் கேட்கிற குரல் வருகிறது என்று ஊரில் பேச்சு.

பொன்னம்மாள் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவளுக்கும் அவள் புருஷன் எத்திராஜுக்கும் அங்கேதான் வேலை. ஏரி நிரம்பாமல் அடுத்தடுத்து நடவு பொய்த்து, நிலம் கைவிட்டுப் போன பிறகு ஜில்லா போர்டில் சொல்லி இந்த வேலையில் சேர்ந்தவன் எத்திராஜ். சீக்கு இல்லாத நாட்களில் இரண்டு பேரும் விடியலில் மல்லித் தோட்டத்தில் மொட்டு பறிப்பார்கள். சீக்கு வந்துவிட்டால் கொட்டகையே கதி. அவள் பெருக்கி, சுண்ணாம்பு தெளித்து, கஞ்சி காய்ச்சுவாள். அவன் வண்டியிலிருந்து ஆட்களை இறக்கிக் கயிற்றுக் கட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்வான்.

பார்த்துக்கொள்வது என்றால் காவல் இருப்பதுதான். பழைய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேதி கண்டவன் வயிற்றில் தண்ணீர் இறங்கக்கூடாது, இறங்கினால் இரண்டு பங்காக வெளியே வரும், ஆள் தாங்கமாட்டான். நாக்கு ஒட்டிக்கொண்டு கெஞ்சினால் ஈரத்துணியால் உதட்டை ஒற்றலாம், அவ்வளவுதான். ஊரிலும் அதைத்தான் நம்பினார்கள். ஆனால் நம்புகிறவர்களுக்கே மனசு கேட்காது. பெற்றவளோ கட்டியவளோ ஓலைத் தட்டியின் சந்து வழியாகச் சொம்பை நீட்டுவார்கள். எத்திராஜ் அந்தக் கையைப் பிடித்துவிடுவான்.

"எரக்கம் பாத்தா ஆளு பூடுவாம்மா. நான் இன்னா ஒம் புள்ளைக்கு எதிரியா? எட்டப் போயி குந்து" என்பான்.

டாக்டர் அவனைப் பற்றி மற்ற ஊர்க் கொட்டகைகளிலெல்லாம் சொல்வாராம். எத்திராஜ் மாதிரி ஓர் ஆள் இருந்தால் போதும் என்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மேனாம்பேட்டில் கட்டிக்கொடுத்திருந்த அவர்கள் மகள் கெங்கம்மாள் ஆடிக்குத் தாய்வீடு வந்தாள். வந்த மறுநாளே அவளுக்குப் பேதி கண்டுவிட்டது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே சட்டம்தான் என்று எத்திராஜ் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பின்தட்டியை ஒட்டிய கடைசிக் கட்டிலில் கிடத்தினார்கள். கெங்கம்மாள் கத்தவில்லை. பக்கத்து வீட்டில் நெருப்பு கேட்க வந்தவள் மாதிரி, அடக்கமாக, "எம்மா, ரவ தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொன்னம்மாள் கையில் ஈரத்துணியுடன் புருஷனைப் பார்த்தாள். அவன் வேண்டாமென்று தலையை அசைத்தான். உச்சிப்பொழுது தாண்டியதும் கேட்பது நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கெங்கம்மாள் போய் மூன்றாவது வருஷம். வெள்ளைக்காரன் சண்டை முடிந்து, பட்டாளத்துக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பூந்தமல்லி மசூதித் தெரு சாதுல்லாவும் அப்படித் திரும்பியவன்தான். பஸ்ராவில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன். பழைய டாக்டர் மாற்றலாகிப் போய் புதியவர் வந்ததும், சாதுல்லாவைக் கொட்டகைக்குப் பொறுப்பாகப் போட்டார். வாரத்துக்கு ஒருமுறை ஜட்கா வண்டியில் வந்து எட்டிப் பார்ப்பதுதான் டாக்டரின் வேலை. மற்றதெல்லாம் இனிமேல் சாதுல்லா சொல்கிறபடி.

முதல் நாளே சாதுல்லா எல்லோரையும் முன்வாசலில் கூட்டி நிற்க வைத்தான். எல்லோரும் என்றால் எத்திராஜ், பொன்னம்மாள், குழி வெட்டுகிற நாகப்பன், மூன்று பேர்தான்.

"இனிமே தண்ணி குடுக்கணும்" என்றான் சாதுல்லா. "கொதிக்க வெச்சி ஆறின தண்ணி. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கஞ்சித் தெளிவு. வாந்தி எடுத்தாலும் குடு, பேதி போனாலும் குடு. ரவ ரவயா, நிறுத்தாம குடுத்துகினே இரு. பஸ்ராவுல கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்."

"பழைய டாக்டரு வேற மாதிரி சொன்னாரு பாய்" என்றான் எத்திராஜ்.

சாதுல்லாவுக்கு வயது குறைவு. பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும் என்கிற வேகம்.

"இத்தினி வருசமா இங்க பேதியில யாரும் சாவல அண்ணாத்தே. தாகத்துல செத்தாங்க. நீங்கதான் சாவடிச்சிட்டீங்க."

நாகப்பன் தரையைப் பார்த்தான். எத்திராஜ் "சரிங்க பாய்" என்றான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பொன்னம்மாள் கேழ்வரகுக் கூழைக் கரைத்து வைத்தபோது, அவன் கலயத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே வைத்தான். கருவாட்டைக்கூடத் தொடவில்லை.

சித்திரையில் தேர்க் கூட்டத்தோடு சீக்கு வந்தது. மேலே வெயில், ஏரியில் சேறு, கிணற்றிலெல்லாம் அடி மண் தெரிந்தது. வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். பொன்னம்மாள் விடியலில் அண்டாவை அடுப்பில் ஏற்றி, சவுக்கு விறகைச் சொருகி, கொதிக்க வைத்து ஆற்றிப் பானைகளில் ஊற்றி வைப்பாள். சாதுல்லா உப்பை அளந்து போடுவான். கொடுக்கிற வேலை மட்டும் எத்திராஜுக்கு.

"நான் குடுத்தா பாதி பேரு வாய மூடிக்குவாங்க அக்கா. துலுக்கன் கைத் தண்ணின்னு. சாவுற நேரத்துலயும் அது போவாது. அண்ணாத்தே கையால குடுத்தா குடிப்பாங்க" என்று சாதுல்லா அவளிடம் சொன்னான். அவன் குரலில் வருத்தம் இல்லை, கணக்குதான் இருந்தது.

உச்சி தாண்டும்போது பானைகள் காலியாக இருக்கும். எத்திராஜ் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவான். சாதுல்லாவுக்கு முதலில் சந்தோஷம். ஆனால் ஆட்கள் முன்பு போலவே செத்தார்கள். கண் குழிவிழுந்து, விரல் நுனியெல்லாம் துவைத்த துணி மாதிரி சுருங்கி, உதடு வெடித்துச் செத்தார்கள். நாகப்பனுக்கு மண்வெட்டியைக் கீழே வைக்க நேரமில்லை.

"பானை காலியாவுது. ஆளும் காலியாவுறான். எனக்கு ஒண்ணும் புரியல" என்றான் சாதுல்லா.

நாகப்பன் பீடியை அணைத்துவிட்டு, "குடிக்கிறவங்க வேறயா இருந்தா?" என்றான்.

"வேறன்னா?"

"முன்ன கேட்டுகினே செத்துப் போனாங்களே, அவங்க. நீ பாட்டுக்குத் தண்ணி வெச்சிட்ட. அவங்க வுடுவாங்களா? பின்தட்டிக்கு அந்தாண்ட போயி பாரு பாய். நான் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

சாதுல்லா அவனை அதட்டினான். ஆனால் போய்ப் பார்க்கவில்லை. பொன்னம்மாள் போனாள்.

ஊரே காய்ந்து வெடித்துக் கிடந்த அந்தச் சித்திரையில், கொட்டகையின் பின்புறம், கடைசிக் கட்டில் இருக்கிற இடத்துக்கு நேரே வெளியே, ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் கோரைப்புல் பச்சைப்பசேலென்று நின்றது. மண் குழைந்து கிடந்தது. அந்தக் குழைந்த மண்ணில் காலடி ஒன்றுகூட இல்லை. யாரும் வந்து ஊற்றியிருந்தால் கால் பதிந்திருக்க வேண்டும். அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. விரலை முகர்ந்தபோது கஞ்சித் தெளிவின் மணம் வந்தது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே முன்பக்கம் வந்துவிட்டாள். அண்டாவுக்கு அடியில் தீ எரிந்துகொண்டிருந்தது. அந்த வெக்கையிலும் அவள் அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில், பானைகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, போகிறவள் போல் போய்த் திரும்பி வந்து, நடுக்கம்பத்துக்குப் பின்னால் நின்றாள்.

எத்திராஜ் கடைசிக் கட்டிலின் பக்கத்தில், பின்தட்டியைப் பார்த்துக் குந்தியிருந்தான். அந்தக் கட்டிலில் யாரையும் போடுவதில்லை. எவ்வளவு கூட்டம் வந்தாலும் தரையில் பாய் விரித்துப் போடுவானே தவிர அதில் போடமாட்டான். கையில் கொட்டாங்குச்சி அகப்பை. பானையிலிருந்து மொண்டு, தட்டியின் அடிச்சந்தில் மெல்ல விட்டான். விட்டுவிட்டு நிறுத்தினான். விழுங்குவதற்கு அவகாசம் கொடுப்பவன் மாதிரி தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். பிறகு அடுத்த அகப்பை.

"மெதுவா" என்றான். "பொரையேறப் போவுது."

அவனுக்குப் பின்னால் கட்டில்களிலும் தரையிலும் கிடந்தவர்கள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பவில்லை.

பொன்னம்மாள் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னா மாமா பண்றே."

அவன் திடுக்கிடவில்லை. "கேக்குறா" என்றான்.

"யாரு?"

"ஒனக்குக் கேக்கலியா?"

அவள் காதைக் கொடுத்தாள். வெயிலில் ஓலை முறுக்கிக்கொள்கிற சத்தம் கேட்டது. ஈ மொய்க்கிற சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

"தோ கெடக்குறான் ஒருத்தன், திருமழிசை வண்டிக்காரன். அவனும் காலையிலேந்து கேட்டுகினு கீறான். அவனுக்கு ஊத்தேன்."

"ஊத்துனா பொழச்சிக்குவான்."

"பொழைக்கட்டுமே."

அப்போதுதான் எத்திராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தான். "பொழச்சான்னா? பொழச்சான்னா அந்தப் பாயி சொன்னது மெய்யாப்பூடும்டி."

பாய் சொன்னதை அவன் ஒரு நிமிஷமும் மறக்கவில்லை. இத்தனை நாட்களும் அந்தச் சொல்லைப் பொய்யாக்கத்தான் பாடுபட்டிருக்கிறான். தண்ணீர் வைத்த பிறகும் ஆட்கள் செத்தால், தண்ணீரால் ஒன்றும் இல்லை. அப்படியானால் மகள் சாவும் விதிதான், வேறில்லை. அதே வேளையில் மகள் கேட்கிறாள் என்று மொண்டு மொண்டு ஊற்றவும் செய்கிறான். இரண்டும் ஒரே மனுஷனுக்குள் எப்படி இருக்கிறது என்று அவள் யோசிக்கவில்லை. அவளுக்குள்ளேயும் அது இருந்தது.

அவள் அகப்பையை அவன் கையிலிருந்து வாங்கினாள். அவன் கொடுத்துவிட்டான். அடியில் மிச்சமிருந்ததைக் கொண்டுபோய் வண்டிக்காரன் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் விட்டாள். அவன் பெயர் திருவேங்கடம். குடித்ததை அப்படியே அவள் மடியில் வாந்தியெடுத்தான். அவள் மறுபடியும் விட்டாள். பொழுது சாய்கிறவரை விட்டுக்கொண்டே இருந்தாள். சாய்ங்காலம் அவனுக்கு மூத்திரம் பிரிந்தது, பிழைத்துக்கொள்வான் என்பதற்கு அதுதான் அடையாளம். சாதுல்லா வந்து பார்த்துவிட்டு வெளியே போய் நின்றான். திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது.

சில நாட்களில் திருவேங்கடம் எழுந்து உட்கார்ந்து ஊறுகாய் கேட்டான். அப்புறம் ஒருநாள் தன் காலால் நடந்து, வழியில் தென்னைமரத்தைப் பிடித்து நின்று மூச்சு வாங்கி, வண்டிப்பேட்டைப் பக்கம் போனான். கொட்டகைக்கு வந்தவன் ஒருவன் அந்தப் பாதையில் திரும்பிப் போவதை எத்திராஜ் வாசலில் நின்று பார்த்தான். தென்னைகளுக்குப் பின்னால் அவன் மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து எத்திராஜ் பானையைத் தொடவில்லை. சோறு தொடவில்லை. ஏரிக்குப் போய்ச் சேற்றோடு கிடந்த தண்ணீரை அள்ளிக் குடித்தான் என்று நாகப்பன் பிற்பாடு சொன்னான். ஒரு விடியலில் மல்லித் தோட்டத்தில், மொட்டு நிறைந்த கூடையின் மேல் சாய்ந்து எத்திராஜ் வாந்தியெடுத்தான்.

அக்கம்பக்கத்தார் வந்து கூடினார்கள். அவன் தங்கை எல்லம்மா பொன்னம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அங்க மட்டும் வோணாம். பெத்த பொண்ண அங்க குடுத்தது பத்தாதா? ஊட்லியே கெடக்கட்டும். வேப்பெல கட்டி வெச்சிப் பாத்துக்கலாம்."

"ஊட்ல பாத்தா யாரு தண்ணி குடுப்பா? நீ குடுப்பியா?"

"பேதிக்கித் தண்ணி குடுப்பாங்களா யாராச்சும்?"

"அதுக்குத்தான் அங்க போறேன்" என்றாள் பொன்னம்மாள்.

நாகப்பனும் சாதுல்லாவும் பாயோடு தூக்கி வந்தார்கள். இடமில்லாமல், கடைசிக் கட்டிலில்தான் போட வேண்டியதாயிற்று. அவள் அகப்பையை நீட்டினாள். எத்திராஜ் பல்லைக் கடித்துக்கொண்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். தண்ணீர் கன்னத்தில் வழிந்து கழுத்தில் இறங்கியது.

சாதுல்லா கெஞ்சினான். மிரட்டினான். மூக்கைப் பிடித்து ஊற்றப் பார்த்தான். முடியவில்லை. வெளியே வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னாக்கா இது. எத்தினியோ பேரு தண்ணிக்கு அழுவுறாங்க. இவரு வோணாங்குறாரு."

பொன்னம்மாள் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள். "தம்பி, நீ வந்த அன்னிக்கி ஒரு வார்த்த சொன்னே. நீங்கதான் சாவடிச்சிட்டீங்கன்னு. ஞாபகம் கீதா?"

"சொன்னேன்."

"எம் பொண்ணு அங்கதான் செத்தா. அந்தக் கட்டில்லதான். தண்ணி கேட்டுகினே செத்தா. இவருதான் குடுக்கக் கூடாதுன்னாரு. நானும் குடுக்கல. ஒனக்கு யாரும் சொல்லல."

சாதுல்லா அடுப்பின் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான்.

"புதுசா ஒண்ணு செய்யச் சொன்னியே, அது சரிதான்" என்றாள் அவள். "ஆனா பழச செஞ்சவங்க எங்க போயி நிக்கிறதுன்னு நீ ரோசன பண்ணல."

அவன் எழுந்து உள்ளே போனான். எத்திராஜின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தான். "அண்ணாத்தே, அன்னிக்கி நான் சொன்னது தப்பு. ஒங்களுக்குச் சொன்னத ஒயுங்காச் செஞ்சீங்க. அன்னிக்கி யாருக்கும் தெரியல" என்றான்.

எத்திராஜின் குரல் ஆழத்துக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "நீ சொன்னது மெய்தான் பாய். திருவேங்கடம் நடந்து போனான் பாத்தியா? எம் பொண்ணும் நடந்து போயிருப்பா."

சாதுல்லா எழுந்தான். பூந்தமல்லியில் டாக்டரிடம் உப்புத்தண்ணீரை ஊசியில் ஏற்றுகிற சாமான் இருக்கிறது, அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று வெயிலில் ஓடினான். நாகப்பன் ஏற்கனவே ஏரிக்கு அந்தப் பக்கம் குழி வெட்டப் போயிருந்தான்.

பொழுது உச்சிக்கு ஏறியது. விடியலில் காய்ச்சிய தண்ணீரெல்லாம் தீர்ந்து ஒரே ஒரு பானைதான் மிச்சமிருந்தது. அடுத்த அண்டா இன்னும் கொதிக்கவில்லை, கொதித்தாலும் ஆற வேண்டும். எத்திராஜின் கண் உள்ளே போய்விட்டிருந்தது. கையைத் தொட்டால் தவளையைத் தொடுவது போலிருந்தது. பொன்னம்மாள் பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவன் கண்ணைத் திறந்தான். "கேக்குறா" என்றான்.

"நீ குடி மாமா."

"அவளுக்குக் குடுக்காத தண்ணி எனக்கு எப்டி எறங்கும்? நீ எத்துகினு போயி அவளுக்கு ஊத்து. முயுசா ஊத்து. அவ குடிச்சிட்டான்னா நான் குடிக்கிறேன்."

"மெய்யாலும் குடிப்பியா?"

"குடிக்கிறேன்."

அவள் பானையை இடுப்பில் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். கொட்டகையைச் சுற்றி நடந்தாள். ஒரு அகப்பை, சாஸ்திரத்துக்கு ஊற்றிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். காலடியில் நிழல் இல்லை. காக்கை இல்லை. காற்று நின்றிருந்தது. தூரத்தில் மல்லித் தோட்டத்து ஏற்றத்தின் கிறீச்சென்ற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கோரைப்புல்லின் ஓரத்தில் வந்து நின்றதும் அதுவும் நின்றுவிட்டது.

"எம்மா, ரவ தண்ணி."

முழங்கால் உயரத்திலிருந்து வந்தது. தட்டிக்கு உள்ளேயிருந்து இல்லை, வெளியே, புல்லுக்கு நடுவிலிருந்து. கெங்கம்மாளின் குரல்தான். மூன்று வருஷத்தில் அதற்கு ஒரு நாள்கூட வயசாகவில்லை. கோபம் இல்லை, அழுகை இல்லை. இப்போதாவது கொடுப்பாள் என்று நம்புகிற குரல்.

பொன்னம்மாளின் கை தானாக அகப்பையை மொண்டது. தண்ணீர் விளிம்பில் ததும்பியது. ஊற்றப் போனவள், அதே கணத்தில் தெரிந்துகொண்டாள். ஒன்று ஊற்றினால் நிறுத்த முடியாது. மகள் குடிக்கிறவரை ஊற்றுவாள். பானை தீர்ந்தால் அண்டாவைக் கவிழ்ப்பாள். அது தீர்ந்தால் கிணற்றில் இறங்குவாள். இந்தப் புல்லின் ஓரத்திலேயே குந்தி, உள்ளே ஒவ்வொருவராக அடங்குவதைக் கேட்காமல், தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருப்பாள். அவள் புருஷன் இருந்தது போலவே.

"எம்மா."

"இல்லம்மா" என்றாள் பொன்னம்மாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஒனக்கு இல்ல."

அகப்பைத் தண்ணீரைத் திரும்பப் பானைக்குள் விட்டாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. திரும்பி நடந்தாள். கூப்பிடுகிற குரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதுகுக்குப் பின்னால் அதே அளவில், அதே அடக்கத்தில் கேட்டுக்கொண்டே வந்தது.

எத்திராஜ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊத்துனியா?"

"ஊத்துனேன்."

"குடிச்சாளா?"

"நல்லா குடிச்சா மாமா. வவுறு ரொம்பக் குடிச்சா."

"இன்னா சொன்னா?"

பானை நிறைந்திருப்பது தெரியாமலிருக்க அவள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "நைனாவையும் குடிக்கச் சொல்லுன்னா" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான்.

டாக்டரின் ஜட்கா வந்து நின்றபோது எத்திராஜ் பாதிப் பானை குடித்திருந்தான். வாந்தியெடுத்துவிட்டு மறுபடியும் வாயைத் திறந்து காட்டினான். மிச்சத் தண்ணீரைப் பொன்னம்மாள் மற்றவர்களுக்குப் பங்கு வைத்தாள். டாக்டர் ஊசி ஏற்றினார். இரண்டில் எது காப்பாற்றியது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாரத்தில் கொட்டகைக்கு வந்தவர்களில் செத்தவர்களைவிட நடந்து போனவர்கள் அதிகம். அந்தப் பாதையில் திரும்பி வருகிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து, வண்டிக்காரர்கள் மாட்டு மணியைப் பிடிப்பதை விட்டார்கள்.

சாதுல்லாவும் மாறினான். புதிதாக அன்னம்மாள் என்று ஒருத்தியையும், இன்னும் இரண்டு ஆட்களையும் வேலைக்கு எடுத்தபோது, சட்டத்தை அவன் சொல்லவில்லை. எத்திராஜைச் சொல்ல விட்டான். எத்திராஜ் தடியை ஊன்றி உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"முன்ன நாங்க குடுக்க மாட்டோம். குடுக்காதன்னாங்க, குடுக்கல. அது தப்புன்னு அப்பால தெரிஞ்சிது. தெரிஞ்ச அன்னிக்கே மாத்திக்கினு இருந்தா இன்னும் ரவ பேரு பொழச்சிருப்பாங்க. எனக்கு மனசு வல்ல. ஒங்களுக்கு நாளைக்கி வேற ஒண்ணு புதுசா சொல்லுவாங்க. அப்ப எம் மாதிரி முரண்டு புடிக்காதீங்க."

கடைசிக் கட்டிலிலும் ஆட்களைப் போட ஆரம்பித்தார்கள். பின்புறத்துக் கோரைப்புல் அந்த வெயிலிலேயே காய்ந்து, ஆடி மழைக்கு முன்னால் மண்ணோடு மண்ணாகிவிட்டது.

அடுத்த வருஷம் சித்திரையில் மறுபடி சீக்கு வந்தது. ஒரு மத்தியானம் எத்திராஜ் பானையைத் தூக்கி அவளிடம் கொடுக்கும்போது சொன்னான். "பொன்னம்மா, அன்னிக்கி நீ ஊத்துனியே, அதுலேந்து ஒரு நாளும் எங் காதுல வுழல. தாகம் தீந்து போச்சி போல."

"தீந்துதான் போச்சி" என்றாள் அவள்.

கொட்டகை நிறைந்திருந்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் கேட்டார்கள். கட்டிலிலிருந்து, தரையிலிருந்து, தட்டி ஓரத்திலிருந்து. அதில் ஒரு குரல் புல் காய்ந்துபோன அந்த இடத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். எது அது என்றுதான் தெரியாது. மற்றக் குரல்களோடு கலந்து, யார் வாயிலிருந்தும் வரக்கூடியதாக இருந்தது. கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கொடுத்தால் அடங்குகிறது உயிரோடு இருக்கிறவர்களுடையது. அதனால் அவள் ஒருவரையும் விடாமல் கொடுத்தாள். கேட்டவர்களுக்கும் கொடுத்தாள், கேட்க முடியாமல் கிடந்தவர்களுக்கும் கொடுத்தாள். உட்காராமல், சாப்பிடாமல், கட்டில் கட்டிலாகப் போனாள். பொன்னம்மாக்கா இருக்கிற வேளையில் இங்கே யாரும் இரண்டாம் முறை தண்ணீர் கேட்டதில்லை, அவளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சாதுல்லா அன்னம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

எல்லோரும் குடித்தார்கள். ஒவ்வொரு குரலாக அடங்கியது. கொட்டகை முழுவதும் அமைதியானது. அன்னம்மாள் அப்பாடா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ்ளோதான் அக்கா, குந்து" என்றாள்.

பொன்னம்மாள் உட்காரவில்லை. இன்னும் அடங்காத அந்த ஒரு குரலின் பக்கம் தலையைத் திருப்பாமல், காலிப் பானையை எடுத்துக்கொண்டு அண்டாவுக்குப் போனாள்.